போகிக்குத் தப்பிய செடி

— கைய இறுக்காதீங்க மாமி. லூஸா விடுங்க. நரம்பு உள்ள ஓடி ஒளியுது, பாத்துக்கோங்க.

— நரம்பு மட்டுமா? நானே எங்கேயாவது ஓடி ஒளியலாமான்னு பாக்கறேன். இந்நேரத்துக்கு ரெண்டு காபி ஆயிருக்கணும் நேக்கு. வெறும் வயத்துல ரத்தம் எடுக்கணும்னு எந்தக் கடங்காரன் கண்டுபிடிச்சானோ.

— சுகர் பாக்கணும்னா அப்படித்தான. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க.

— வழக்கமா வர மகேஷ்குமார் எங்கே? லேப்லேர்ந்து வந்த மெசேஜ்ல அவன் பேர்தானே இருந்தது. அவன் எறும்பு கடிச்சாப்ல எடுப்பான், கேட்டியோ.

— மகேஷ் அண்ணன் லீவு. மாட்டுங்கா ரூட்ட இன்னைக்கு எனக்குப் போட்டுட்டாக. நானும் எறும்புதான், பயப்படாதீங்க.

— முகத்துல பாதியை மாஸ்க்கால மூடிண்டிருக்கே, எறும்பா தேளான்னு எப்படித் தெரியும்? சரி, குத்து. ராமா, ராமா... குத்தியாச்சா? ஏய் பொண்ணே, குத்தியாச்சா இல்லையா?

— மாமி, அங்கன... அடுக்களை வாசலுக்கு வெளிய வெள்ளையா தெரியுதே. அது என்னது?

— எது? காயப்போட்ட துணியா?

— துணி இல்ல. காம்பவுண்டு செவுத்தோரமா. உருண்டை உருண்டையா.

— ஓ, அதுவா. பூவாக்கும். ஊசியை அந்தரத்துல பிடிச்சுண்டு பூவைப் பாக்கறாளே இவ. முதல்ல அதைக் கீழே வை.

— வெச்சிட்டேன். அது ஹைட்ரேஞ்சியாவா?

— அட, நோக்குப் பேரே தெரிஞ்சிருக்கே. எங்க பில்டிங்ல பாதிப் பேர் காலிஃப்ளவர்னு நினைச்சிண்டிருக்கா. மேல் மாடி வேங்கடசுப்ரமணியன் பொரியல் பண்ணினா எப்படி இருக்கும்னு கேட்டார்.

— பூத்திருக்கா? நெசமாவே அது பூத்திருக்கா?

— ஏய், எங்க எழுந்துண்டு போறே? கையில கட்டின ரப்பரை அவுத்துட்டுப் போ, கை மரத்துப் போறது. கடவுளே, நானே அவுத்துக்கறேன். நில்லு, அந்தப் படி வழுக்கும்.

— நாலு. நாலு பூ இருக்கு மாமி.

— அஞ்சாவது ஒண்ணு இலைக்கு அடில ஒளிஞ்சிண்டிருக்கு பாரு. இன்னும் பச்சையா இருக்கு, வெளுக்கலை. பெரிசா இருக்கே அந்த ஒண்ணு, அது இட்லித் தட்டு அகலம். நாலு நாலு இதழா எத்தனை குட்டிப் பூ சேர்ந்து ஒரு பூவா இருக்கு பாத்தியோ? ஏய், என்ன ஆச்சு நோக்கு? ஏன் கண்ணைக் கசக்கறே?

— ஒண்ணுமில்ல. வெயில்.

— வெயிலா? பாதாம் மரத்து நிழல்ல நிக்கறே. காலம்பற எட்டு மணிக்கு என்ன வெயில்? இந்தச் செடிக்கு ஒரு பொட்டு வெயில் அதிகமாப் பட்டாலும் இலையெல்லாம் தொங்கிப் போயிடும்னு எங்காத்துக்காரரோட பழைய வேஷ்டியைப் பந்தலாக் கட்டி வெச்சிருக்கேன். அதுக்கடியில நின்னுண்டு வெயில்ங்கறா. இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காரு.

— எப்ப பூத்துச்சு?

— பங்குனி பொறந்தப்போ நுனியில ஜவ்வரிசி மாதிரி பச்சையா ஒரு கொத்து தெரிஞ்சது. பூச்சி முட்டைன்னு நினைச்சுத் தட்டிவிடப் பாத்தேன், கேட்டியோ. அப்புறம் அது பெரிசாச்சு. முந்தாநாள் காலம்பற கதவைத் திறக்கறேன், வெள்ளை வெளேர்னு நிக்கறது. நான் இந்தப் படியிலயே உக்காந்துட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சது, எழுந்துக்கலை.

— மகன்கிட்ட சொல்லிட்டீங்களா?

— நேக்குப் பிள்ளை இருக்கறது நோக்கு எப்படித் தெரியும்?

— ஹால்ல போட்டோ மாட்டியிருக்கே.

— ஓ. இல்லை, இன்னும் சொல்லலை. ஹைதராபாத்ல இருக்கான், மார்கழிலேர்ந்து அங்கதான் ப்ராஜெக்ட். விஷுவுக்கு வரான். அன்னிக்குக் காலம்பற கணித் தட்டுல கொன்றைப் பூவோட இதையும் சேர்த்து வெச்சு, கண்ணைப் பொத்தி அழைச்சிண்டு வந்து காமிக்கலாம்னு இருந்தேன். ஆனா நேத்தெல்லாம் ஒரே யோசனை. இது பூத்தது நல்லதுக்கா கெட்டதுக்கான்னே தெரியலை.

— பூத்ததுல என்ன கெட்டது?

— அதுல ஒரு கதை இருக்கு. நோக்கு எதுக்கு அதெல்லாம்?

— சும்மா சொல்லுங்க மாமி. எனக்கும் செத்த நேரம் உக்காரணும் போல இருக்கு.

— மகாபலேஷ்வர் போனப்போ அவர் ஒரு நர்சரியில வாங்கினது இது. எங்காத்துக்காரர், நாணு. பஸ்ல மடியிலயே வெச்சிண்டு வந்தார். பம்பாய்ச் சூட்டுல இது எங்கே வரப்போறதுன்னு எல்லாரும் சிரிச்சா. ஷ்யாமு, இதுல பூ வந்தா உன் முகம் அளவு இருக்கும்னார். வெச்சார். பூவைப் பாக்காமலே போய்ட்டார். அவர் போய் வருஷம் திரும்பலை, அதுக்குள்ள எம்பிள்ளை ஒரு நாள் சாப்பிட்டிண்டிருக்கச்சே, அம்மா நான் ஒரு பொண்ணை லவ் பண்றேன்னான்.

— ம்.

— எங்கடா இருக்கான்னேன். தாராவின்னான். எந்த ஊர்க்காரான்னேன். திருநெல்வேலிப் பக்கம்னான். மேல கேக்கலை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துடுத்து நேக்கு. அப்பா வெச்ச செடி பூக்கட்டும்டா, பூத்தா அவர் சம்மதம்னு எடுத்துண்டு நானே முன்னால நின்னு கல்யாணத்தைப் பண்ணி வைக்கறேன், அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்னுட்டேன்.

— பூக்காதுன்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?

— பூக்கணும்னு தினமும் வேண்டிண்டேன். எங்கே பூத்துடப் போறதோன்னு பயமாவும் இருந்தது. ரெண்டும் நெஜம், கேட்டியோ. காபி சக்கை போட்டேன், அரிசி களைஞ்ச ஜலம் விட்டேன், ஆட்டுச் சாணம் வாங்கிப் போட்டேன். இலை மட்டும் செழிக்கும். பூ கிடையாது.

— அந்தப் பொண்ணு மேல அவ்வளவு வெறுப்பா மாமி?

— முகமே பாக்காதவ மேல என்ன வெறுப்பு? அடுத்த தீபாவளிக்கே மனசு எளகிடுத்து. செடி கிடக்கட்டும்டா, அவளை ஒரு தடவை ஆத்துக்கு அழைச்சிண்டு வா, பாக்கறேன்னு நானே சொன்னேன். அவதான் வரமாட்டேன்னுட்டாளாம்.

— யாரு?

— அந்தப் பொண்ணுதான். உங்கம்மா சொன்ன சொல் சொன்னதுதான், அந்தச் செடி பூத்தப்புறம்தான் உங்க வாசப்படி மிதிப்பேன்னு சொல்லிட்டாளாம். என்ன ராங்கி பாரு. கோபமும் வந்தது, உள்ளுக்குள்ள ஒரு மரியாதையும் வந்தது. இப்போ பூத்துடுத்து. இனிமே நான் போய் அந்த மகாராணியைக் கூப்பிடணுமாக்கும்.

— அவ அப்படிச் சொல்லல.

— என்ன?

— அவ அப்படிச் சொல்லவே இல்ல. அவகிட்ட யாரும் வான்னு கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே, பஸ்ஸுக்குக் கூட நிக்காம, நடந்தே வந்திருப்பா. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் என்ன பெரிய தூரம்?

— ஏய், நீ யாரு? அந்த மாஸ்க்கை எடு.

— எடுத்துட்டேன். பானுமதி. நெல்லையப்பன் மக. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால வீடு.

— நீயா? நகுலோட...

— ஆமா மாமி.

— என் கையைப் பிடிச்சு நரம்பைத் தேடிண்டிருந்தியே, நீயா? நான் உன்னை உக்கார வெச்சு உன்னைப் பத்தியே... கடவுளே. மகாராணின்னெல்லாம் சொல்லிட்டேனே.

— அதவிட மோசமா சொல்லுவீகன்னு நினைச்சேன்.

— வேணும்னே வந்தியா? லேப்ல பேர் பாத்து?

— லிஸ்ட்டுல உங்க பேரும் அட்ரஸும் பாத்தேன். வேற ஆளுக்கு மாத்திக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஒரே ஒரு தடவ உங்க முகத்தப் பாத்துட்டு, ரத்தத்த எடுத்துட்டு, பேசாம போயிருவோம்னுதான் வந்தேன். இந்தப் பூவப் பாப்பேன்னு கனவுல கூட நினைக்கல.

— நில்லு. நில்லு. தாதர் பூ மார்க்கெட்ல பிளாஸ்டிக் மாதிரி இருக்குமே பெரிய பெரிய பூ, கல்யாண மேடைக்கு விக்கறாளே... நீ வாங்கிண்டு வந்து கம்பி வெச்சுக் கட்டிட்டியா?

— ஏ அம்மா. ஜவ்வரிசிலேருந்து நீங்கதான பாத்தீங்க?

— ஆமாம், நான்தான் பாத்தேன். புத்தி பேதலிச்சுப் போச்சு நேக்கு. காபி இல்லாம வேற தலை சுத்தறது.

— முதல்ல பைய எடுத்துட்டு வந்து ரத்தத்த எடுத்துக்கிடுதேன். நீட்டுங்க கைய. மயங்கி விழுந்தா பழி எம்மேல வரும்.

— நீ யாருன்னு தெரிஞ்சப்புறமும் நான் கையை நீட்டறேன் பாரு. பாத்துக் குத்து.

— வேலைன்னா பாத்துத்தான் குத்துவேன். ஆச்சு. பஞ்ச அழுத்திப் பிடிங்க.

— எடுத்துட்டியா? ஒண்ணுமே தெரியலையே.

— உங்க மகனுக்கும் ஒண்ணும் தெரியாது. அவுக ஆபீஸ்ல ஹெல்த் கேம்ப் போட்டப்ப நான்தான் எடுத்தேன். ஊசி குத்தும் முன்னாலயே மயங்கி விழுந்தான்... விழுந்தாரு. தண்ணி தெளிச்சு எழுப்புனேன். அப்படித்தான் பழக்கம்.

— அவன்னே சொல்லு, நானும் அவன்னுதான் சொல்றேன். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் அவன். பயமா இருந்தாக் கண்ணை இறுக்க மூடிண்டுடுவான். பரீட்சை மார்க்கைக் கூட அவர்தான் போய்ப் பாத்துண்டு வரணும். சரி வா, உள்ளே வா. டிகாக்ஷன் போட்டு வெச்சிருக்கேன். நீயும் குடிப்பியோன்னோ?

— குடிப்பேன். மாமி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. இந்தப் போகிக்கு நீங்க இதை வெட்டலையா?

— வெட்டறது நோக்கெப்படித் தெரியும்?

— தெரியும். வருஷா வருஷம் போகிக்கு அடியோட வெட்டி, முன்னால காம்பவுண்டுல எல்லாருமாச் சேந்து கொளுத்துத தீயில போடுவீகன்னு தெரியும்.

— தை பொறக்கறதுக்கு முன்னாடி காஞ்சதைக் கழிக்கணுமோன்னோ? மார்கழியில இதைப் பாக்கணுமே நீ. இலையெல்லாம் கொட்டிப் போய், சுள்ளி சுள்ளியா, செத்துப்போன மாதிரி நிக்கும். இந்த வருஷம் நேக்கு இடுப்புப் பிடிச்சிண்டு குனிய முடியலை. நகுலும் இல்லை. அப்படியே விட்டுட்டேன். போன்ல வெட்டினியான்னு கேட்டான். ஆச்சுடான்னு ஒரு பொய் சொன்னேன்.

— அதான் பூத்திருக்கு.

— என்ன சொல்றே?

— இதுல பூ போன வருஷக் குச்சிலதான் வரும் மாமி. ஐப்பசி கார்த்திகையிலயே மொட்டு உள்ள உக்காந்திரும், வெளிய தெரியாது. தையில வெட்டுனா மொட்டையும் சேத்து வெட்டுததுதான். புதுக் குச்சில இலைதான் வரும்.

— இல்லை.

— நெசமா மாமி. என் கல்யாணமே இந்தச் செடில தொங்கிட்டு இருக்கு, படிக்காம இருப்பனா? படுத்தா இதான், எந்திரிச்சா இதான். எங்கம்மா சண்முகவடிவு தெனமும் கேப்பா, என்னட்டி, இன்னும் பூக்கலையான்னு. என்னப் பொண்ணு கேட்டு சீத்தா கேம்ப்லருந்து ஒரு இடம் வந்துச்சு. செம்பூர்லருந்து ஒண்ணு. நல்ல இடம். செடி பூக்கட்டும் பாத்துக்கிடுவோம்னு சொல்லி எல்லாத்தையும் அனுப்பிட்டேன். எங்கய்யா என்னப் பாத்துப் பேசுததையே நிறுத்திட்டாக.

— அப்போ ஒவ்வொரு வருஷமும் அது பூக்க இருந்ததா? அவர் வெச்ச பூ... உள்ளே இருந்ததா? நாங்களே அதை எடுத்துத் தீயில...

— உக்காருங்க மாமி. தண்ணி குடிங்க.

— தீக்குப் பக்கத்துல நின்னுண்டு கையைக் காய்ச்சிண்டேனே நான்.

— தெரியாம செஞ்சது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வெட்டாதீங்கன்னு நான் நகுல்கிட்ட சொன்னேன். முத வருஷம் வெட்டுனப்புறம், அடுத்த போகிக்கு முன்னாலயே. படம் போட்டு அனுப்புனேன். இந்தக் குச்சிய மட்டும் தொடாம இருக்கச் சொல்லு, அம்மாகிட்ட எப்படியாச்சும் சொல்லுன்னு கெஞ்சினேன். சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்காக, போகித் தீயில போட்டாத்தான் அவுகளுக்குத் திருப்தின்னு சொன்னாரு. ரெண்டு வருஷமா உங்கள மனசுக்குள்ள ஏசியிருக்கேன், மன்னிச்சுக்கோங்க.

— என்கிட்டயா? என்கிட்ட அவன் அப்படி ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லலையா?

— நான் வேண்டாம்னேன் பானு. அந்த வருஷம், கிடக்கட்டும்டா, இந்தத் தடவை விட்டுப் பாக்கலாம், வெட்டாம இருந்தா பூக்கறதோ என்னமோன்னு நானே சொன்னேன். அவன்தான் கத்தியை எடுத்துண்டு போனான். மகாபலேஷ்வர் நர்சரிக்குப் போன் பண்ணிக் கேட்டேம்மா, நன்னா அடியோட வெட்டினாத்தான் பூக்குமாம்னான். அவனேதான் வெட்டினான். அவனேதான் தீக்குக் கொண்டு போனான்.

— நர்சரில அப்படிச் சொல்லியிருப்பாகளா?

— ரோஜான்னு நினைச்சுச் சொல்லியிருப்பானோ என்னமோ. ரோஜாவை வெட்டினாத்தான் பூக்கும். போன்ல ஹிந்தியும் மராட்டியுமா ஏதோ குழப்பம் ஆயிருக்கும்.

— ஆமா. குழம்பியிருக்கும். என்கிட்ட... என்கிட்ட உங்க பேரச் சொன்னது, நான் சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பான்.

— அழைச்சிண்டு வாடான்னதுக்கு நீ வரமாட்டேன்னுட்டேன்னு சொன்னானே, அதுவும் அப்படித்தான் இருக்கும். எங்கம்மா வாய்த்துடுக்கு, அந்தப் பொண்ணை ஏதாவது சொல்லிக் காயப்படுத்திடுவாளோன்னு பயந்திருப்பான். பயந்தாங்கொள்ளி. நான் சொல்லியும் இருப்பேன், மறைக்க வேண்டாம்.

— அப்படித்தான் இருக்கும்.

— அப்படித்தான். வேற என்ன இருக்கப் போறது? காபி ஆறறது, குடி. சர்க்கரை போறுமா?

— போதும் மாமி.

— பூண்டு சாப்பிடுவியோ?

— பூண்டு இல்லாமலா? எங்க வீட்டுல ரசத்துக்கே தட்டிப் போடுவோம்.

— போட்டுக்கோ. இங்க ரெண்டு அடுப்பு இருக்கு, ரெண்டு ரசம் வெப்போம். உங்கப்பா என்ன பண்றார்?

— பெல்ட் தைக்குத பட்டறை. நாலு மிஷின். சத்தம் மேல எங்க வீடு வரைக்கும் கேக்கும்.

— விஷுவுக்கு அவாளை இங்க வரச் சொல்லு. சாதம், மாம்பழப் பச்சடி, எல்லாம் பண்றேன். உங்கப்பா உன்கிட்டப் பேசறாரா இல்லையான்னு நான் பாக்கறேன். ஏய், எதுக்கு அழறே? நேக்கும் வரது, நிறுத்து.

— ஒண்ணுமில்ல மாமி. இந்த வீட்டுக்குள்ள எப்படி வருவோம், வந்தா என்ன சொல்லுவீகன்னு எத்தனையோ விதமா நினைச்சிருக்கேன். ரெண்டு ரசம்னு நினைக்கல.

— அவர் சம்மதம் சொல்லிட்டார், நான் யாரு நடுவுல? நகுலுக்கு இப்பவே சொல்லலாம். விஷு வரைக்கும் யார் வாயை மூடிண்டிருக்கறது?

— நான் பேசட்டா?

— ஊஹூம். நீ மூச்சு விடாதே. நான் ஸ்பீக்கர்ல போடறேன், அவன் குதிக்கறதை நீ காதால கேக்கணும். அப்புறம் நீ பேசு, மயங்கி விழட்டும். இரு... ரிங் போறது. சிரிக்காதே.

— ஹலோ, அம்மா? என்னம்மா காலம்பற? ஆபீஸ் கார்ல இருக்கேன். ரத்தம் எடுக்க வந்தாளா?

— எடுத்தாச்சு, எடுத்தாச்சு. நகுல், ஒரு விஷயம். நம்ம ஹைட்ரேஞ்சியா பூத்துடுத்துடா.

— எது?

— எத்தனை ஹைட்ரேஞ்சியாடா வெச்சிருக்கோம்? அப்பா வெச்ச செடி. வெள்ளை வெளேர்னு. ஒவ்வொண்ணும் இட்லித் தட்டு அகலம்.

— போகிக்கு வெட்டியாச்சுன்னு சொன்னியே.

— பொய் சொன்னேன். குனிய முடியலை. ஏண்டா, குரல் ஏன் இப்படி இருக்கு?

— யாராவது பாத்தாளா?

— பில்டிங்ல எல்லாரும்தான் பாக்கறா. அதுக்கென்ன?

— போட்டோ எடுத்தியா? வாட்ஸப் குரூப்ல கீப்ல போட்டியா?

— இல்லை. ஏன்?

— போடாதே. அம்மா, நான் சொல்றதைக் கேளு. தோட்டக்கார மாலியைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லிடு. இன்னிக்கே. பூவோட.

— என்னடா உளர்றே? அப்பா வெச்சதுடா.

— தெரியும்மா. வேற வாங்கித் தரேன். ரெண்டு வாங்கித் தரேன். இதை மட்டும் வெட்டிடு, ப்ளீஸ்.

— நகுல். வெட்டினாத்தான் பூக்கும்னு நர்சரிக்காரன் சொன்னதா சொன்னியே. யாருடா சொன்னது?

— அதெல்லாம் இப்போ எதுக்கு?

— யாரு சொன்னது?

— யாரும் சொல்லலைம்மா.

— அப்போ நீ ஏண்டா வெட்டினே?

— மொதல் தடவை தெரியாமத்தான் வெட்டினேன். சத்தியமா. வெட்டினாப் பூக்காதுன்னு பானு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம்...

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் தெரிஞ்சுதான் வெட்டினேன். ஆரம்பத்துல உண்மையாத்தான் இருந்தேம்மா அவகிட்ட. அப்புறம் என்னமோ... இல்லாமப் போயிடுத்து. ஏன்னு எனக்கே தெரியலை. அவ மேல ஒரு தப்பும் இல்லை, எதைச் சொல்லி வேண்டாம்னு சொல்றது? போன் பண்ணும்போதெல்லாம் பூத்துதான்னு கேப்பா. இல்லைன்னு சொன்னா, சரி அடுத்த வருஷம்னு வெச்சிடுவா. செடி சொன்ன மாதிரி இருந்தது, நான் சொல்ல வேண்டியிருக்கலை. எப்பவாவது அவளே அலுத்துப் போய்ப் போயிடுவான்னு நினைச்சேன். இப்போ பூத்துடுத்துன்னா நான் என்னம்மா பண்றது? எனக்கு இஷ்டம் இல்லைன்னு அவகிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?

— சொல்லியாச்சுல்லா, நகுல். இனிமேயாவது செடிய விட்டுரு.